முட்டி போட மாட்டேன்டி

அடியே, இன்றைக்குக் காலையில் கரிக்கலாம்பாக்கம் ரோட்டோரம் நடவு நடந்துகொண்டிருந்தது. பிளாட் போடாமல் மிச்சமிருக்கிற நாலு வயலில் ஒன்று. சேற்று வாடை மூக்கில் ஏறியதும் வண்டியை நிறுத்திவிட்டேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்து நீ அடித்த கூத்து ஞாபகம் வந்து, சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பாகூர் மேட்ச்சில் நான் ரெய்டு போனபோது கணுக்காலைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். முட்டிக்குள் குருத்தெலும்பு பெயர்ந்து, புளியங்கொட்டை அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. "கட்டுப் போட்டா சரியாப் பூடும், கல்யாணம் ஆவற பொண்ணு" என்று அம்மா இழுத்தாள். நீதான் விடவில்லை. "இது கபடி ஆடுற காலு அத்த, ஷோகேஸ்ல வெக்கிற பொம்ம இல்ல" என்று அவள் வாயை அடைத்தாய்.

டாக்டர் என்னிடம் விளக்கினார்: அதே முட்டியில் பாரம் விழாத ஓரத்திலிருந்து, எலும்போடு சேர்த்துக் குருத்தெலும்பைத் துண்டு துண்டாக எடுத்துக் குழியில் பதிப்போம். பிறகு உன் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, வளர்ச்சியைத் தூண்டுகிற பகுதியை மட்டும் பிரித்து ஊசியாகப் போடுவோம். நான் முட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். நீயோ, "நாத்தங்கால்ல புடுங்கி வயல்ல நட்டு உரம் வெக்கிறீங்க. அவ்ளோதானே சார்?" என்றாய். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவ்வளவுதாம்மா. ஆனா நட்ட வயல்ல உடனே மாட்ட விட்டுடாதீங்க. மறுபடி ஆடுவாளான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"நான் சொல்றேன் சார், ஆடுவா" என்றாய். உனக்கு எங்கிருந்துதான் அந்தத் திமிர் வந்ததோ!

ஆபரேஷன் முடிந்து, காலை ஊன்றக் கூடாதென்று கிடந்த வாரங்களில் தினமும் வந்து என் காலை மடக்கி நீட்டினாய். ஒருநாள் வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தாய்.

"ஏய், ஒரு தப்பு பண்ணிட்டேன்டி."

"இன்னாடி?"

"உன் முட்டி சரியானா, முட்டி போட்டே கோயிலச் சுத்தி வரதா வில்லியனூர் மாதாகிட்ட வேண்டிக்கினேன்."

"யாரு, நீயா?"

"நீதான்."

"அடிப்பாவி! முட்டிக்கு வேண்டிக்கினு முட்டியையே காணிக்கையாக் குடுத்துட்டு வந்திருக்கியே, லூசு!"

டாக்டரிடம் கேட்டால், முட்டி போட்டு நடக்கிற பேச்சையே எடுக்காதீர்கள் என்று கத்தினார். நீ அசரவில்லை. "மாதாவும் பொம்பளதானே, நான் பேசிக்கிறேன் வுடு" என்றாய்.

பேசினாயோ இல்லையோ, அதற்குள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. துக்க வீட்டில் உன் பெரியம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "வேண்டுதல செய்யாம வெச்சா சும்மா வுடுமா? வேண்டிக்கினவ பூட்டா. காலு வந்தவ கல்லு மாதிரி நிக்கிறா."

அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒரே பேச்சு. ஒருதரம் முட்டி போட்டுச் சுற்றிவிடு, கழியட்டும் என்று அம்மாகூடச் சொல்கிறாள். நானும் தடுமாறினேன், மறைக்க மாட்டேன். என்னால்தான் நீ போனாயோ என்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். பிறகுதான் கோபம் வந்தது. சிமெண்ட் தரையில் தேய்த்துக் கெடுப்பதற்கா இந்தக் காலை அப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டாய்?

போன வெள்ளிக்கிழமை வில்லியனூருக்குப் போனேன். மாதா முன்னால் நிமிர்ந்து நின்று வாய்விட்டே சொன்னேன்: "அவ புத்தி கெட்டு வேண்டிக்கினா. நான் செய்ய மாட்டேன். கோவம்னா என்மேல காட்டு. அவளப் பத்திரமா வெச்சுக்கோ." பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

நாளைக்கு மேட்ச். ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் பெரியம்மாவை நானே நேரில் போய்க் கூப்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். முதல் ரெய்டு நான்தான் போகிறேன்.

கடைசி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இதுல வெளியில இருந்து வந்தது ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் உன் உடம்புதான்" என்றார் டாக்டர். நான் எதிர்த்துப் பேசவில்லை. அவருக்கு என்ன தெரியும்? இந்த முட்டியில் பாதி நீதான்டி. உன்னை எவர் முன்னாலும் மண்டி போட வைக்க மாட்டேன்.