நிறைந்தபடி இருந்த போத்தல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோவு இப்போது எப்படி? நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பீர்கள். அண்ணாவின் காதில் விழக்கூடாத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே ஒட்டுசுட்டானில் எங்கள் கிளினிக் மலசலகூடச் சுவரை யானை தள்ளிவிட்டுப் போய்விட்டது. அது நடந்தபோது கிளினிக்கில் யாரும் இல்லை, பயப்படாதீர்கள். அதன் பிறகு, நான் தங்கும் அறைக்குத் திரும்பும்வரை நான் தண்ணீரே குடிப்பதில்லை. வயிறு கல்லாகிவிட்டது.

நேற்று கர்ப்பிணிகளுக்கு மலச்சிக்கல் பற்றிய வகுப்பு. நான்தானே இங்கே பிரசவம் பார்க்கும் மருத்துவமாது! கீரை, வாழைப்பழம், தவிடு போகாத அரிசி, கொஞ்சம் நடை, நிறையத் தண்ணீர், வந்தால் அடக்கக்கூடாது என்று களைப்போடு சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த கௌசலா என்ற கர்ப்பிணிப் பிள்ளை என் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தாள்.

"மிஸ், உங்கட போத்தல் காலமை இருந்த மாதிரியே கிடக்கு. நீங்கள் குடிக்கிறேல்லையோ?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வகுப்பு முடிந்ததும் அவள் தனியே வந்தாள்.

"எங்கட வீடு பக்கத்திலைதான் மிஸ். கக்கூசுக்கு வெக்கப்படாமல் வாங்கோ."

என் வயிற்றைப் பற்றி இங்கே ஒருவர் யோசித்தது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது.

பனங்கிழங்கு ஒடியல் மாவும் வெந்தயமும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வீட்டில் உடுத்தும் பழைய சோட்டி ஒன்றும் வேண்டும். தோய்க்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

பின்வளவு மலசலகூடத்துக்கு நடக்க முழங்கால் நோகும் என்று நீங்களும் தண்ணீரைக் குறைப்பது எனக்குத் தெரியும். குடியுங்கள் அம்மா. உங்கள் செம்பு நிறைந்தபடியே கிடந்தாலும் அண்ணாவின் கண்ணில் படாது.

பஸ் வருகிறது.

சுதாஜினி