கெடாத கம்ப்யூட்டர் எங்களுக்கு வேண்டாம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே உன் அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம், என் முழங்கால்கூட இந்த வாரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. மனசளவில் எப்படி என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அப்பா போன் பண்ணாமல் காகிதத்தில் எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே. போனில் பேசினால் உன் அம்மா வந்து பிடுங்கிக்கொள்வாள், இல்லாவிட்டால் நீ குறுக்கே பேசுவாய், காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுங்கள், என்ன செய்தாலும் கெடாத ஒன்றை வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, அதை அனுப்பாதே. ஆர்டர் போட்டிருந்தால் ரத்து செய். இனிமேல் அதைத் தொடவே கூடாது என்று அம்மாவிடம் கத்தினாயே, அதையும் திரும்ப வாங்கிக்கொள். அன்றிலிருந்து அவள் அந்த அறைக்குள்ளேயே போவதில்லை. உன்னோடு பேசச் சொன்னால், அவனுக்கு வேலை இருக்கும் என்று நகர்ந்துவிடுகிறாள். இப்படியே விட்டால் பேச்சே நின்றுபோகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. காரணத்தை முழுசாகப் படி, கோபப்படுவதானால் அப்புறம் கோபப்படு.

நான் லிஃப்ட் பராமரிப்பிலேயே தலை நரைத்தவன் என்பது உனக்குத் தெரியும். நின்றபின் ஓடுவதைவிட நிற்பதற்கு முன்னால் பார்ப்பதுதான் எங்கள் தொழில். கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதையைத்தான் கொடுத்தேன். மாதாமாதம் கரண்டை நிறுத்திவிட்டு, பக்கத்து மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் ஃபேன் தூசியைத் தட்டுவேன். காற்று போக சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருந்தேன். உன் அம்மா அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டபோது, ஓடுகிற மெஷினைப் போர்த்தினால் அதற்கு மூச்சு முட்டும் என்று சண்டைகூடப் போட்டேன். போட்டோக்களையெல்லாம் நீ தந்த தனி டிஸ்க்கில் நகல் எடுத்து அலமாரியில் வைத்தேன். இவ்வளவு பார்த்தும் சொல்லி வைத்தாற்போல அதற்கு ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. ஒரு தரம் திரை தலைகீழாக நிற்கும், ஒரு தரம் சத்தம் வராது, ஒரு தரம் பிரிண்டரை யாரென்றே தெரியாது என்று சொல்லும். அம்மா உடனே உனக்குச் சொல்வாள், ஞாயிற்றுக்கிழமை நீ அங்கிருந்தபடியே இன்டர்நெட் வழியாக கம்ப்யூட்டருக்குள்ளே வந்து சரி பண்ணுவாய். திரையில் அம்புக்குறி தானாக நகரும், அவள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். எனக்கோ மானம் போகும், ஊரார் லிஃப்டையெல்லாம் ஓட்டியவனுக்கு வீட்டில் ஒரு பெட்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை உனக்கு அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறேன், அறைக்குள் அம்மா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அம்புக்குறி ஓடிக்கொண்டிருக்கிறது. தம்பிக்கு இன்னைக்கு லீவா என்று கேட்டேன். அவள் போன் காதில் இருந்தது, என் போன் மடியில் இருந்தது, முகம் வெளுத்துப்போயிருந்தது. திரையைப் பார்த்தால் நம் வங்கிக் கணக்கு திறந்து கிடக்கிறது. போனில் ஒருவன், சீக்கிரம் அந்த நம்பரைச் சொல்லுங்கம்மா, இல்லேன்னா உங்க மெஷினே செத்துடும் என்று அவசரப்படுத்துவது எனக்கே கேட்டது. என்ன ஏது என்று கேட்க நேரமில்லை, பாய்ந்துபோய் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டேன். அப்புறம் வங்கிக்கு ஓடி கணக்கைப் பூட்டச் சொன்னது, பாஸ்வேர்டெல்லாம் மாற்றியது, ஒன்றும் போகவில்லை என்று தெரிந்தபின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது, இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் வயரைப் பிடுங்கிய வேகத்தில் கம்ப்யூட்டர் படுத்தது படுத்ததுதான், எழுந்திருக்கவில்லை. இத்தனை நாளில் அதற்கு வந்த ஒரே நிஜமான கோளாறு என் கையால் வந்தது என்பதை நீ சிரிக்காமல் படிக்க வேண்டும்.

சிவப்பாக ஒரு பக்கம் வந்து மிரட்டியது, அதிலிருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன் என்றுதான் அம்மா அன்று சொன்னாள். வைரஸ் எப்படி வந்தது என்று எனக்கு மண்டை குடைந்தது. மாடி வீட்டு டீச்சர் கேள்வித்தாள் பிரிண்ட் எடுக்க அடிக்கடி வருவார், அவர் கொண்டுவரும் பென்டிரைவ்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் காலையில் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று படியேறினேன், என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். பாதிப் படியில் அம்மா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க, எல்லாம் நான்தான் பண்ணேன் என்றாள். எல்லாம்னா என்ன என்று கேட்டேன். திரையைத் தலைகீழாக்கினது, பின்னாடி ஸ்பீக்கர் வயரைக் கழட்டிவிட்டது, பிரிண்டரை லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துப்போட்டது, போன வாரம் ஓசியில கிடைக்கிற கண்டதையும் இறக்கினது, எல்லாம் என்று சொல்லிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. டீச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், சத்தம் போடாமல் சாத்திக்கொண்டார்.

ஏன் என்று நான் கேட்கவேண்டியே வரவில்லை, அவளே சொன்னாள். முதல் தரம் ஏதோ விசையில் தெரியாமல் கை பட்டுத்தான் திரை திரும்பிக்கொண்டதாம். அன்றைக்கு நீ மத்தியானம் முழுக்கக் கூடவே இருந்தாயாம், என்ன சாப்பிட்டாய், ஆபீஸில் யார் கழுத்தறுக்கிறார்கள், எல்லாம் பேசினாயாம், நீ தும்மியதுகூடக் கேட்டதாம். சரியானதும் அடுத்த வாரம், எல்லாம் ஓகேதானேம்மா, வெச்சிடறேன் என்று வைத்துவிட்டாயாம். மெஷினுக்கு உடம்பு சரியில்லேன்னா வர்றான், எனக்கு என்னன்னு கேக்க அவனுக்கு நேரமில்லே, நான் என்னங்க பண்றது என்றாள். லிஃப்ட் ஓடுகிறவரைக்கும் எங்களையும் யாரும் நினைத்ததில்லை, நின்றால்தான் கூப்பிடுவார்கள், அந்த வலி எனக்குத் தெரியும். பெத்த மனம் பித்து என்பார்கள், அந்தப் பழமொழியின் மீதியை நான் எழுதவில்லை, உனக்கே தெரியும்.

இன்னொன்றையும் கேள், இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் வயரைப் பிடுங்கியதால் தப்பித்தோம் என்று உன்னிடம் மார் தட்டினேனே, அது சரியில்லை. அந்தப் போன்காரனிடம், என் பையன்தான் எப்பவும் பாப்பான் என்று இவள் சொல்ல, அவர்தாம்மா எங்களை அனுப்பினாரு என்று அவன் பிடித்துக்கொண்டான். நீ சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் உள்ளேயும் விட்டுவிட்டாள். பாஸ்வேர்டு அதிலேயே பதிந்து கிடந்ததால் கணக்கை அவனே திறந்துகொண்டான். ஆனால் அம்புக்குறி நகர்ந்ததுமே இது உன் ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். நீ யோசிக்கும்போது அம்பை ஒரே இடத்தில் சின்னதாகச் சுற்றிக்கொண்டே இருப்பாயாம், சின்ன வயசில் தட்டில் விரலால் கோலம் போட்டமாதிரி. இவன் நேராகப் போய் நேராக அமுக்கினானாம். அதனால்தான் என் போனுக்கு வங்கியிலிருந்து வந்த ரகசிய நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் எவ்வளவு மிரட்டியும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நம் கணக்கைக் காப்பாற்றியது நானில்லை, உன் கையை அவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தவள். அவளைத்தான் நீ ஒன்றும் தெரியாதவள் என்று திட்டினாய். எனக்கு அது பொறுக்கவில்லையடா.

ரிப்பேர்காரர் நேற்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். புது டிஸ்க் போட்டிருக்கிறார், போட்டோக்கள் நகலிலிருந்து திரும்பி வந்துவிட்டன, உள்ளே தூசியே இல்லை என்று என்னைப் பாராட்டிவிட்டும் போனார். நீ மருமகளைத் திட்டாமல் நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், உன் கம்ப்யூட்டரிலும் நகல் எடுத்து வை. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க எங்கள் ஆசி. ஒன்றை மட்டும் மறக்காதே, இந்த ஞாயிற்றுக்கிழமை நீ உள்ளே வரவேண்டும், சரி பண்ண ஒன்றுமே இல்லாதபோது வரவேண்டும், இதை நான் எழுதினேன் என்று அவளிடம் மூச்சு விடக்கூடாது. நேற்று ரிப்பேர்காரர் போனபின் அறை வாசலில் நின்றபடியே, எல்லாம் சரியாயிடுச்சா, இனிமே கெடவே கெடாதா என்று கேட்டாள். கெடாது, நல்லாப் பண்ணிட்டாரு என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு, அந்தப் பூப்போட்ட உறையை எடுத்துவந்து, இத்தனை நாளில் முதல் தரமாக உள்ளே போய், அதன் மேல் போர்த்திவிட்டுப் போய்விட்டாள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா