இரண்டு பேர் எடைக்கு அடித்த காற்று

என் செல்லத் தம்பி தினேஷுக்கு,

நீ போன பிறகு நம் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் சைக்கிள் என்ற பேச்சே வரக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் இப்போது ஒன்றை வாங்கி, நீ உன்னுடையதைச் சாத்தி வைக்கும் அதே தூணில் சாத்தியிருக்கிறேன். முன்னாலும் பின்னாலும் அதிர்வு தாங்கும் ஷாக் இருக்கிற சைக்கிள். நீ கேட்டாயே, அதே வகை.

நீ கேட்டபோது நான்தான் வேண்டாம் என்றேன். பின்னால் இருக்கிற ஷாக் எல்லாம் வெறும் ஷோ, வீடியோவில் மண்மேட்டில் குதிக்கிறவன் எல்லாம் முன்னால் மட்டும் ஷாக் வைத்துத்தான் குதிக்கிறான் என்று எல்லாம் தெரிந்தவள் மாதிரிப் பேசினேன். நீயும் அக்கா சொன்னால் சரி என்று தலையாட்டினாய். ஏன்டா தலையாட்டினாய்? வேறு எதிலாவது என் பேச்சைக் கேட்டிருக்கிறாயா?

கைவிடப்பட்ட நாற்றுமேடைக்குப் பின்னால் குதித்துப் பழக நீயே மண்வெட்டி பிடித்துக் கட்டிய மேடு அது. அன்று சாயங்காலமும் நன்றாகத்தான் எழும்பினாயாம். இறங்கும்போது பின் சக்கரம் தரையில் மோதிய வேகத்தில் உன்னைத் தூக்கி, தண்ணீர் ஓடும் கல் கானுக்குள் எறிந்துவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பின்னால் ஒரு ஷாக் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியோடுதான் ஒரு வருடமாகப் பதுளை டவுனுக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

உன் கருமாதியன்று நடந்தது உனக்குத் தெரியுமோ என்னவோ. உனக்குப் பிடித்ததை எல்லாம் படைத்து, வாசற்படிக்கு உள்ளே மாவு தூவிக் கதவைச் சாத்தினோம். வந்து போகிறவரின் காலடி மாவில் தெரியும் என்பார்களே, அதற்காக. கதவைத் திறந்தபோது காலடி இல்லை. வாசலிலிருந்து படையல் வரை கட்டை கட்டையாக ஒரு டயர் தடம் இருந்தது. மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் அம்மா அதை முந்தானையால் துடைத்துவிட்டாள். அவளும் நானும் இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

பதுளையில் ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்கள் விற்கும் கடையில் மூன்று சனிக்கிழமை நின்று பார்த்தேன். மலையிலிருந்து இறங்குவதற்கென்றே செய்த ஒன்று இருந்தது. ஷாக் சாண் கணக்கில் அமுங்கும். ஆனால் டவுனுக்குள் மிதித்தால் எருமை மாதிரி அசைந்துதான் நகரும். எனக்கு மேட்டிலும் குதிக்க வேண்டும், வேலைக்குப் போகும் வழியில் ஹாலிஎல ஏற்றத்தில் மிதிக்கவும் வேண்டும். கடைசியில் சின்னச் சட்டம், கனத்த சக்கரம், பின்னால் நாலு விரல்கடை மட்டும் ஆடும் ஒன்றை எடுத்தேன். ஏற்றத்தில் பின் ஷாக்கைப் பூட்டிக்கொள்ள ஒரு நெம்புகோல்கூட இருக்கிறது. பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டாய்.

இந்த ஷாக்குக்குள் நம் எடைக்கு ஏற்றபடி காற்று அடிக்க வேண்டும். தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்து எழும்பினால், ஷாக் எவ்வளவு அமுங்கியது என்று அந்த வளையம் காட்டும். கால் பங்கு அமுங்கினால் சரி. நான் சொன்ன எடைக்கு அடித்தும் எனக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது.

“தங்கச்சி, எடய கொறச்சி சொல்லிட்டீங்க போல” என்று சிரித்தார் கடைக்கார நானா.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பக்கத்துக் கடை அரிசித் தராசில் ஏறி நின்றே காட்டினேன். நான் சொன்ன எடைதான். நானா மறுபடி காற்று அடித்தார், பிறகு இன்னொரு தடவையும் அடித்தார். கடைசியில் வளையம் கால் பங்கில் நின்றபோது பம்ப்பின் முள்ளைப் பார்த்தார், என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

வீடு வரும் வழியெல்லாம், வளைவுகளில் நான் சாயும் முன்னரே சைக்கிள் சாய்ந்தது.

அம்மா வாய்க்கு வந்தபடி திட்டினாள். நான் இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டிக்கொண்டே வந்தவள் சீட்டுக்குக் கீழே கையைக் கொடுத்துச் சற்றே தூக்கிப் பார்த்தாள். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து சுமந்த கை. தராசில் எப்படியும் இரண்டு கிலோ கழித்துவிடுவார்கள் என்று, நிறுக்கக் கொடுக்கும் முன்னரே சாக்கைத் தூக்கி எடை சொல்லிவிடுகிறவள். அவள் கணக்கு என்றைக்காவது தப்பியிருக்கிறதா?

“இது ஒத்த ஆளு எடை இல்ல புள்ள” என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் அந்தப் பாரத்தோடு வேலைக்குப் போய் வந்தேன். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கோபத்தோடு ஏறியிருக்கிறாயோ என்று பயம். போன ஞாயிற்றுக்கிழமை காலையில், மேட்டை மூடிய பனி விலகும் முன்னரே போய், கண்ணை மூடாமல் குதித்தேன்.

தரை தொட்டதே தெரியவில்லை, தினேஷ். பின் ஷாக் அடியை முழுசாக வாங்கிக்கொண்டது. கல் கானுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். நின்று அழுதேன். ஒரு வருடமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் சொன்னது தப்புடா.

பிறகு வளையத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு மெதுவாக உட்கார்ந்து எழும்பினேன். வளையம் கால் பங்குக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. அது என் ஒருத்தி எடை. நீ இறங்கியிருந்தாய். உன் பாரம் இருந்தபோது வந்த பயமெல்லாம் ஒரு பயமா? மேட்டைச் சுற்றிப் பார்த்தேன், கானுக்குள் எட்டிப் பார்த்தேன், வெறும் தண்ணீர்ச் சத்தம்.

சைக்கிளை விட்டுத் தள்ளி நின்று, ஹேண்டிலை மட்டும் பிடித்துக்கொண்டு சொன்னேன். “தினேஷ், ஏறுடா. வீட்டுக்குப் போவோம்.”

பிறகு சீட் தானாக அமுங்கியது. ஷாக்கிலிருந்து மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். வளையம் கண்ணெதிரே நகர்ந்து நின்றது.

நான் ஏறவில்லை. வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன். அம்மா வாசலில் நின்றாள். நேராக வந்து சீட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

“வந்துட்டான்” என்றாள். அன்றைக்குச் சோற்றை மூன்று தட்டில் போட்டாள்.

இனி அந்த மேட்டுப் பக்கம் உன்னைக் கூட்டிப் போக மாட்டேன். டவுன் வரைக்கும்தான், ஆசைக்குப் பஸ் ஸ்டாண்ட் படிகளில் இறங்கலாம். ஷாக்கில் எப்போதும் இரண்டு பேருக்கான காற்று இருக்கும், உன் இடத்தில் வேறு யாரையும் ஏற்ற மாட்டேன், இது சத்தியம். வளைவில் மட்டும் எனக்கு முன்னால் சாயாதே. ஓட்டுவது நான்.

முன்னால் உட்கார்ந்திருக்கும்,
உன் அக்கா செல்வி