ஸ்டெல்லா அக்கா லீவு கேட்டார்

என் அன்பான ஸ்டெல்லா அக்காவுக்கு,

நேற்று உங்களைப் பெரிய திரையில் பார்த்தேன். கோவையில் மழை விட்டபாடில்லை, நம் ஆஸ்பத்திரியில் டெங்கு வார்டு நிரம்பி வழிகிறது. இன்னும் இரண்டு நர்சுகள் வேண்டும் என்று கேட்டோம். ஆள் வரவில்லை; தன்னம்பிக்கை வகுப்பு எடுக்க ஒருவர் வந்தார்.

ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார். ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, 'என்னால் முடியும்' என்று சொல்லச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று கொரோனா வார்டில் அந்தப் பிளாஸ்டிக் உடுப்பை மாட்டினால் ஷிப்டு முடியும்வரை கழற்ற முடியாது. மாற்று உடுப்பு கிடையாது. பாத்ரூம் வருமே என்று தண்ணீரே குடிக்காமல் வேலைக்கு வந்தோமே, அதை அவருக்கு யார் சொன்னார்கள்? முகம் தெரியாததால் ஒருவர் முதுகில் ஒருவர் மார்க்கரால் பெயர் எழுதிவிடுவோம். எனக்கு எழுதிவிட்டு, "போலாமுங்க அம்மணி" என்று தட்டுவீர்கள். அதுவரை இருந்த பயம் பாதியாகிவிடும்.

வகுப்பின் கடைசியில் திரையில் உங்கள் படம். கீழே 'காய்ச்சலிலும் கடமை தவறாதவர்' என்ற வரி. எல்லோரும் கை தட்டினார்கள்.

கடமையா அக்கா? நீங்கள் லீவு கேட்ட அன்று நான் பக்கத்தில்தானே நின்றேன். "உடம்பு கொதிக்குதுங்க மேடம், ரெண்டு நாள் ஊட்டுல படுத்துக்கறனுங்க" என்றீர்கள். "டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் வேலை பாருங்க, ஆள் இல்லை" என்றார் நர்சிங் சூப்பரிண்டெண்ட் மேடம். ரிசல்ட் வந்தபோது நீங்கள் நம் வார்டிலேயே நோயாளி. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

இன்று காலை கௌசல்யா, புதிதாகச் சேர்ந்த அந்தியூர்ப் பெண், காய்ச்சலோடு லீவு கேட்டாள். அதே மேடம், "ஸ்டெல்லா இப்படிக் கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்க மேடம். நீங்கதானுங்க குடுக்கல."

சொன்னது நான்தான். வார்டே திரும்பிப் பார்த்தது. கௌசல்யாவை ஆட்டோ பிடித்து ஹாஸ்டலுக்கு அனுப்பிப்போட்டு வந்தேன். நாளை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது அக்கா. அன்று லீவு கேட்டபோது உங்களுக்கும் பயமாக இருந்ததா?

பயந்தாலும் நாளைக்கும் அதையேதான் சொல்வேன். உங்கள் படத்தை வரவேற்பறையில் மாட்டப் போகிறார்களாம். மாட்டட்டும். 'லீவு கேட்டார், கொடுக்கவில்லை' என்று கீழே அவர்கள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நான் எழுதுவேன். மார்க்கர் என் பையில்தான் இருக்கிறது.

நீங்கள் முதுகில் பெயர் எழுதி அனுப்பிய தங்கச்சி,
வளர்மதி