கண்டேன் என்னும் உறுதிமொழியை மாற்றியருளிய ஓலை

திரையுறை பெருமான் திருவருள் முன்நிற்க. கயலாறு கரை கடவாதிருக்க. ஏரிகள் நிறைந்து, மடைகள் நிலைத்து, குடிகள் அச்சமின்றி உறங்குக.

கயல்வளநாடு முழுதும் ஒரு குடைக்கீழ் ஆளும் கோமான் வயிரவேள் திருவாய் மொழிந்தருள, திருமந்திர ஓலைநாயகம் தேவன் குழலன் எழுதும் ஓலை. அக்குடைக்கீழ்த் தென்கரை நாடாளும் மன்னர், களிற்றுப் படைக்கு அதிபர், அரசர்க்கு உற்ற துணைவர் பூதவேள் அவர்கள் கண்டருள்க. தங்கள் நாட்டில் நெல்லும் கரும்பும் மீண்டும் தழைத்து, தங்கள் கோட்டையும் கோயிலும் குடிகளும் குறைவின்றி இருக்கும் செய்தியைக் கேட்க அரசர் விழைகிறார். இங்கே அரசரும் அரசியாரும் நலமாயிருக்கிறார்கள்.

தாங்கள் கேட்டனுப்பிய தலை இவ்வோலையுடன் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை ஒளிவுமறைவின்றித் தங்களுக்குத் தெரிவிக்குமாறு அரசர் பணித்ததால், மடைநல்லூர் அவையில் நடந்தது நடந்தபடியே இங்கே எழுதப்படுகிறது. பேசியவர்களின் பேச்சை அழகுபடுத்த வேண்டாம், அவரவர் வாயில் வந்தபடியே வரட்டும் என்பதும் அரசர் ஆணையாதலால், சில சொற்கள் அரச ஓலைக்கு ஒவ்வாதனவாய்த் தோன்றினால் பொறுத்தருள்க.

சென்ற கார்காலத்துப் பெருமழையில் மடைநல்லூர்ப் பேரேரியின் நீர் தங்கள் தென்கரையில் இறங்கி, கதிர் முற்றிய வயல்களை அழித்ததும், தங்கள் குடிகளில் இருவரைக் கொண்டுபோனதும் தாங்கள் அறிந்தவை. வேண்டுமென்றே மடையைத் திறந்துவிட்டான் என்று மடைக்காவலன் பொதியன் பிடிக்கப்பட்டான். ஏரியை அழித்தவனுக்கு இந்நாட்டில் தண்டம் தலையே. வழக்கை விசாரிக்க அரசர் அனுப்பியவர் அறங்கூறு அதிகாரி எயினன் நம்பியார். எதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்பவர். கூட வேலை பார்ப்பவர்கள் அலுத்துக்கொள்ளும் அளவுக்கு நிதானமானவர்.

மடைநல்லூர் அவை கோயில் மண்டபத்தில் கூடுவது வழக்கம். சாட்சி சொல்ல வருபவர் யாராயினும் முதலில் கருவறைத் திரைக்கு முன் நிற்க வேண்டும். அத்திரை நாட்டின் முதல் அரசரான முதுவேள் காலம்தொட்டு விலக்கப்பட்டதில்லை. அதன் முன் நின்று, "திரைக்கு அப்பால் உள்ளவரை என் கண்ணால் கண்டேன்; அந்தக் கண்ணால் கண்டதையே இந்த அவையில் சொல்கிறேன்" என்று உறுதி கூறிய பிறகே சாட்சி செல்லும். முன்பாதி சொல்லாதவருக்குப் பின்பாதி இல்லை.

அவ்வாறு மூவர் உறுதி கூறினார்கள். அம்பலக் காவலன் இளமனும் உப்பு வணிகன் தாயனும், பொதியன் மடைப்பலகையைத் தூக்கியதைக் கண்டதாகச் சொன்னார்கள். எண்ணெய் விற்கும் சேந்தி என்பவள், மடையடியில் தண்ணீருக்குள் அவன் நின்றதைக் கண்டதாகச் சொன்னாள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதாக நம்பியாருக்குப் பட்டது. உச்சிப்பொழுதுக்குள் தீர்ப்பு எழுதிவிடலாம் என்று அவர் எழுத்தாணியைக் கையில் எடுத்தும்விட்டார்.

அப்போதுதான் நிலக்கிழார் வல்லன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வாய்க்கால் பங்கு பற்றி அவருக்கும் பொதியனுக்கும் தீராப் பகை என்பது ஊரறிந்த செய்தி. பகைவன் தலை போவதைக் கண்குளிரப் பார்க்க வந்திருக்கிறார் என்றே அவையோர் எண்ணினர். யார் பொருட்டுச் சாட்சி சொல்ல வந்தீர் என்று முறைப்படி கேட்டபோது, பொதியன் பொருட்டு என்றார். ஏரியைப் பேணும் ஊர்க்குழுவினரான ஏரி வாரியத்தார் வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"சிரிங்க. அவன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு வடக்குத் தெருவையே விட்டவன் நான். ஆனா அவன் மடையைத் திறக்கலை. எப்படின்னு கேளுங்க, சொல்றேன்" என்றார் வல்லன்.

கேட்பதற்கு முன் உறுதிமொழி வேண்டுமே. வல்லனைத் திரைக்கு முன் நிறுத்தினார்கள். அவர் திரையை நெடுநேரம் பார்த்தார். ஓரமாய் நகர்ந்து அங்கிருந்தும் பார்த்தார். பிறகு திரும்பி, பின்பாதியைச் சொல்வதாகவும், முன்பாதி தம்மால் ஆகாது என்றும் தெரிவித்தார். துணிதான் தெரிகிறது, கண்டேன் என்று சொல்ல வேண்டுமானால் கண்டிருக்க வேண்டுமல்லவா என்பது அவர் கேள்வி. அது எல்லோரும் சொல்லும் வழக்கச் சொல்தான், சொல்லிவிட்டு மேலே செல்லலாம் என்று நம்பியார் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். வல்லன் மசியவில்லை.

"அய்யா, வந்ததே பெரிசு. அதுக்கு மேல அவனுக்காகப் பொய் சொல்ல நான் என்ன அவனுக்குப் பொண்ணு குடுத்தவனா?"

தூணோடு கட்டப்பட்டிருந்த பொதியன் அங்கிருந்தே கெஞ்சினான்: "வல்லா, சொல்லித் தொலையேன்டா. ஒரு சொல்லுதானே. போறது என் தலைடா."

வல்லன் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "உன் தலைக்காக என் வாயைக் கெடுத்துக்க முடியுமா?" என்றார்.

இவ்விடத்தில் திரைகாப்புத் தலைவர் மறையழகர் எழுந்தார். முதுவேள் திரையுறை பெருமானோடு எதிரெதிர் அமர்ந்து உண்டதாகக் கோயில் முதுநூல் கூறுகிறது என்றும், பெருமானைக் காண முடியும் என்பதற்கு அதுவே சான்று என்றும், காண முடியாது என்பவன் நூலை மறுப்பவன் என்றும், நூலை மறுப்பவனை ஊர்விலக்குச் செய்வது மரபு என்றும் அவர் உரத்துக் கூறினார். வல்லன் அதற்கும் மறுமொழி வைத்திருந்தார்.

"அதே நூல்ல 'அவரைக் கண்டவர் எவரும் இல்லை'ன்னும் இருக்கே, சாமி. அந்த ஏட்டை மட்டும் கரையான் தின்னுருச்சா?"

இரண்டும் இருப்பது உண்மைதான். நம்பியார் எழுத்தாணியைக் கீழே வைத்தார். அவையை ஒத்திவைத்துவிட்டு, கோயிலில் இருந்த முதுநூலைக் கேட்டு வாங்கி, தாமே முதலிலிருந்து படித்தார். பதவி ஏற்ற நாளில் அதே உறுதிமொழியை அவரும் கூறியவர். சொந்தப் பெயரைச் சொல்வதுபோல அது வாயில் வழுக்கிக்கொண்டு போனதாகவே அவருக்கு நினைவு. இப்போது ஒருவன் தலையும் இன்னொருவரின் ஊரும் அந்த அரை வாக்கியத்தில் தொங்கின. திருத்திச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. திருத்தாமல் தீர்ப்பெழுதவும் கை வரவில்லை.

நூலறிந்தோர் சிலரை அழைத்தும் கேட்டார். முதுவேள் கண்டது அகக்கண்ணால் என்றார் ஒருவர். குழந்தைக்குத் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிலவைக் காட்டுவதுபோலப் பெருமான் தம்மைச் சுருக்கிக் காட்டியிருப்பார் என்றார் மற்றொருவர். இரண்டில் ஒன்று பின்னாளில் எவனோ செருகியது என்றார் மூன்றாமவர். எது என்று கேட்டபோது, தமக்குப் பிடிக்காததையே காட்டினார். நம்பியார் எல்லோரையும் வணங்கி வழியனுப்பிவிட்டு, அந்த இரு இடங்களையும் மறுபடி படித்தார்.

'கண்டவர் எவரும் இல்லை' என்ற சொல் பிறந்த இடம் இது. ஒருவன் முதுவேளிடம் வந்து, தான் பெருமானைக் கண்டவன், ஆகையால் தனக்கு ஊர்த்தலைமை வேண்டும் என்று கேட்டான். அவனுக்கு முதுவேள் சொன்ன விடைதான், 'அவரைக் கண்டவர் எவரும் இல்லை' என்பது. உண்ட கதை வேறிடத்தில் வருகிறது. முதல் ஏரிக்குக் கரை போட்ட நாளில், மழைக்கு ஒதுங்கிய மருதமரத்தடியில் பெருமானும் முதுவேளும் எதிரெதிர் அமர்ந்து ஒரே கலத்தில் கூழ் உண்டார்கள் என்று மண் சுமந்த ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள். அவர் முகம் எப்படி இருந்தது என்று மக்கள் கேட்டபோது, கூழ் சூடாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு முதுவேள் கரையைப் பார்க்கப் போய்விட்டார்.

நம்பியார் ஏட்டைக் கட்டி வைத்தார். முதுவேள் கண்டாரா இல்லையா என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் நூல் முழுவதிலும், கண்டேன் என்று தம் வாயால் சொல்லி அதனால் ஒரு காரியம் சாதித்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை. சாதிக்க வந்தவனையும் முதுவேள் திருப்பி அனுப்பியிருக்கிறார். மடைநல்லூர் அவையோ வருகிற ஒவ்வொருவரையும் அப்படிச் சொல்லவைத்துத்தான் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

அவை மீண்டும் கூடியபோது மறையழகர் தம் வாதத்தை விடவில்லை. காண முடியாது என்றால், இவ்வழக்கிலேயே மூவர் கண்டிருக்கிறார்களே, அவர்கள் சொன்னது பொய்யா என்று கேட்டார். நல்ல கேள்வி என்றார் நம்பியார். அந்த மூவரையே கேட்டுவிடலாம் என்றார். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாதபடி தனித்தனியாக அழைத்து, திரைக்கு அப்பால் என்ன கண்டீர் என்று ஒரே கேள்வியைக் கேட்டார்.

அம்பலக் காவலன் இளமன் தயங்காமல் பொன் முகம், நான்கு கை, ஒரு கையில் தாமரை என்று அடுக்கினான். அது அவன் நாள்தோறும் நிற்கும் வாசலின் மேலே எழுதியுள்ள சித்திரம். நம்பியார் மண்டபத்திலிருந்தே அதை ஏறிட்டுப் பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்த இளமனும் தலையைக் குனிந்துகொண்டான்.

சேந்தி எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கண்டது நெசந்தான் அய்யா. எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க, சொல்ல வரலை." பொதியனைப் பற்றிக் கேட்டபோது தயக்கமின்றிச் சொன்னாள்: "அவன் கழுத்தளவு தண்ணியில நின்னான். பலகையைத் தூக்கினதை நான் பாக்கலை. அன்னைக்கும் இதைத்தான் சொன்னேன். அதுக்கு மேல என்னை யாரும் ஒண்ணும் கேக்கலை." கேட்காமல் விட்டது தாமே என்பது நம்பியாருக்குச் சுருக்கென்றது.

உப்பு வணிகன் தாயன் கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டான். "என்ன அய்யா இது. அது சொல்ற வழக்கம். எல்லாரும் சொல்றாங்க, நானும் சொன்னேன்."

பொதியன் பலகையைத் தூக்கியதைக் கண்டேன் என்றாயே, அது எப்படி என்று நம்பியார் அதே குரலில் கேட்டார்.

தாயனின் சிரிப்பு நின்றது. திரையைப் பார்த்தான், தூணைப் பார்த்தான். தூணோடு நின்றவன் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுவும் எல்லாரும் சொன்னதுதான், அய்யா" என்றான்.

அன்று தீர்ப்பு எழுதப்படவில்லை. நம்பியார் நேரே தலைநகர் வந்து, நடந்தது அனைத்தையும் அரசர் திருமுன் விண்ணப்பித்தார். முடிவில் அரசர், அப்படியானால் மானிடர் கடவுளைக் காண முடியுமா முடியாதா என்று வினவியருளினார். அது தம் அவையில் தீரும் வழக்கன்று என்றும், சேந்தி கண்டிருக்கலாம் என்றும், கண்டிருந்தாலும் பொதியன் வழக்கில் அதற்கு இடமில்லை என்றும் நம்பியார் பணிந்து கூறினார். அரசர் அதைக் கேட்டு உறுதிமொழியை மாற்றியருளினார்.

நம்பியார் மடைநல்லூர் திரும்பி அவையைக் கூட்டியபோது, புதிய உறுதிமொழியைச் சொல்ல வல்லனுக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. தம் வயல் தண்ணீரைப் பொதியன் களவாடுகிறானா என்று வேவு பார்க்கவே மழையில் கரைக்குப் போனதாகவும், பலகையைத் தாங்கிய மடைக்கல் தானே பெயர்ந்து விழுந்ததாகவும், பொதியன் கழுத்தளவு நீரில் நின்று வைக்கோல் பிரிகளைத் திணித்து அடைக்கப் பார்த்ததாகவும், இடையிடையே ஏரி வாரியத்தாரின் தாய் தந்தையரை வைததாகவும் சாட்சி கூறினார். அக்கல் ஆடுவதைப் பொதியன் பலமுறை சொல்லியும் வாரியத்தார் செவிசாய்க்கவில்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. கட்டவிழ்த்துவிடப்பட்ட பொதியன் வல்லன் காலில் விழப்போனான். வல்லன் விலகிக்கொண்டு, "எந்திரி. என் வாய்க்காலுக்குப் பாதித் தண்ணிதான் வருது. அதை நான் ஒண்ணும் மறக்கலை" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

இனி அரசர் திருவாணை.

திரைக்கு முன் நிற்பவர் இனி, "கண்டதைக் கண்டேன் என்பேன், கேட்டதைக் கேட்டேன் என்பேன், காணாததைக் கண்டேன் என்னேன்" என்று மட்டும் உறுதி கூறுக. முதுநூலின் இரு வாக்குகளும் எல்லாக் கோயில்களிலும் அடுத்தடுத்துப் படிக்கப்படுக. ஒன்றைக் காட்டி மற்றொன்றை யாரும் மறைக்கலாகாது. கடவுளைக் கண்டேன் என்பவரையும் கண்டதில்லை என்பவரையும் எந்த அவையும் தண்டிக்கலாகாது. மறையழகர் திரையைக் காப்பதோடு அமைக. பழைய உறுதிமொழியால் பதவி ஏற்றோர் யாவரும், முடி சூடியவர் உட்பட, புதியதைக் கூறிப் பதவியில் தொடர்க. மடையைப் பொதியனே காக்க. தென்கரையில் அழிந்த வயல்களுக்கு விதைநெல்லும், உயிர் இழந்த இரு குடும்பங்களுக்கு நிலமும் மடைநல்லூர் ஏரி வாரியத்தாரின் சொந்த விளைச்சலிலிருந்தும் சொந்தக் காணியிலிருந்தும் சேர்க. தலை கேட்ட தங்கள் துயரத்தை அரசர் சிறிதும் குறைவாக எண்ணவில்லை என்பதும் தங்கள் திருவுள்ளத்தில் நிற்க. இந்த ஆணை தங்கள் நாட்டு அவைகளிலும் நடக்க.

கயலும் குடையும் பொறித்த அரச முத்திரை இவ்வோலைக்குக் காப்பு. இதை மாற்றுவோர் கயலாற்று நீரை மாற்றினோர் ஆவர்.

இவை திருமந்திர ஓலைநாயகம் தேவன் குழலன் எழுத்து. நம்பியார் அரசர் திருமுன் விண்ணப்பித்ததும் அரசர் ஆணையிட்டதும் யான் உடனிருந்து கேட்டவை. வல்லன், பொதியன், தாயன், சேந்தி ஆகியோர் பேச்சு யான் கேட்டதன்று. நம்பியார் சொல்ல எழுதியது. மழையையும் மடையையும் யான் கண்டிலேன். புதிய உறுதிமொழியைக் கூறிவிட்டு அரசர் இம்முத்திரையைத் தம் கையால் இட்டதை என் கண்ணால் கண்டேன்.