தள்ளுபடி ஆக வேண்டிய மனு

மார்ச் 3

ஆமாம், படித்தேன். இரண்டு முறை. பிழை எதுவுமில்லை. ஓரத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. அரசிதழ் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவளின் வேலை அவ்வளவுதான்.

பதினொரு வரி. சர்வதேச மனித உரிமை நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்று முன்பு தந்த ஒப்புதலை அரசு திரும்பப் பெறுகிறது. இன்றிலிருந்து தொண்ணூறாம் நாள் அமலுக்கு வரும். அதற்கு முன் அங்கே போய்ச் சேர்ந்த மனுக்கள் மட்டும் செல்லும்.

விரல்விட்டு எண்ணினேன். ஜூன் 1.

ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பதினோரு வரிக்கு அரை மணி நேரமா? பரீட்சைக்கா படிக்கிற?"

மார்ச் 5

வக்கீலக்காவின் அறையில் மின்விசிறி ஓடவில்லை. எங்கள் கோப்பாலேயே விசிறிக்கொண்டு சொன்னார்: "இங்க தோத்தாத்தான் அந்த சர்வதேச கோர்ட்டுல உள்ளயே விடுவாங்க. நம்ம ஆட்கொணர்வு மனு மூணு வருஷமா தொங்குது. சீக்கிரம் தள்ளுபடி ஆகணும்னு வேண்டிக்கோ." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

மூன்று வருடம் முன்பு அண்ணனை அவன் வேலை பார்த்த நில அளவை அலுவலகத்திலிருந்து போலீஸ் விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். "பத்து நிமிஷத்துல வந்துடுவேன், டீய மூடி வைங்க" என்றானாம் பக்கத்து மேசைக்காரரிடம். அப்படி யாரையும் அழைத்துச் செல்லவே இல்லை என்கிறது அரசு.

மார்ச் 26

வாய்தா. அரசுத் தரப்பு: 'தகவல் திரட்டிக்கொண்டிருக்கிறோம்.'

ஏப்ரல் 17

வாய்தா. நீதிபதிக்குக் காய்ச்சல்.

ஏப்ரல் 18

தோற்பதற்கு அவசரப்படுகிறேன். இதை யாரிடம் சொல்ல?

அம்மாவிடம் சொன்னேன். ஜூன் 1 பற்றி மறுபடியும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளுபடின்னா, அவன் இல்லேன்னு எழுதிடுவாங்களா?"

"காகிதத்துலதாம்மா."

"காகிதத்துலதானே எல்லாத்தையும் எழுதுறாங்க."

மே 21

இன்றைக்கு முடிந்திருக்க வேண்டும். வக்கீலக்கா இன்றே உத்தரவு கேட்டார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக எங்கள் பெஞ்சைப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை.

"நீங்கதான் தாயாரா? அரசுத் தரப்பு இன்னும் மூணு வாரம் தேடிப் பாக்குறோம்னு கேக்குது. உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

அம்மா எழுந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். உதறினாள்.

"நல்லாத் தேடட்டும் ஐயா. அவசரமில்ல."

அடுத்த வாய்தா ஜூன் 11.

பஸ்ஸில் கத்திவிட்டேன். என்ன காரியம் பண்ணியிருக்க தெரியுமா, எத்தனை தடவ சொன்னேன், ஒரே ஒரு வார்த்தை, ஆட்சேபணை உண்டுன்னு ஒரு வார்த்தை, வாய் வரலியா உனக்கு — முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "தேடறேன்னு சொல்றவங்கள வேணாம்னு எப்படிடீ சொல்லுவேன்?"

மே 22

நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். தேடாதீர்கள் என்று. சத்தமாக.

அதை நினைத்துக்கொண்டே பதினாறு பக்கம் மெய்ப்புப் பார்த்தேன். மீன்பிடி உரிமங்கள்.

மே 27

வக்கீலக்கா: "இழுத்தடிக்கிறாங்கன்னு சொல்லி நேரா அங்க போகலாம்னு ஒரு வழி வெச்சிருந்தேன். இப்ப தாயாரே அவசரமில்லன்னு சொன்னது பதிவாயிருக்கு. முதல் பக்கத்துலயே திருப்பிடுவாங்க."

அம்மாவைத் திட்டாதே என்றார். திட்டி முடித்துவிட்டேன் என்றேன்.

ஜூன் 1

ஃபோர்மேன் டீ வாங்கிவந்து மேசையில் வைத்தார். கிண்டல் எதுவும் இல்லை. அவருக்கும் தேதி தெரிந்திருக்கிறது.

ஜூன் 11

தள்ளுபடி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அரசின் கூற்றை நம்பாதிருக்கக் காரணம் இல்லையாம். தேடினார்களா என்று நீதிபதி கேட்கவில்லை. அம்மா மட்டும் அரசு வக்கீலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி, தட்டி, மறுபடி மாட்டினாள்.

"இப்பத் தோத்துட்டோம்ல?"

"ம்."

"அப்ப அங்க போகலாம்ல?"

ஜூன் 1 என்று ஐந்து தடவையாவது சொல்லியிருப்பேன். மறந்துவிட்டாளா? மறக்கிறவளா அவள்? என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"போகலாம்மா. முதல்ல தீர்ப்பு நகல் வேணும்."

"எங்க தருவாங்க?"

"பின்பக்கம். நீ இங்கயே உக்காரு."

நகல் பிரிவில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். நின்றேன். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வரச் சொன்னார்கள்.