கால் எட்டாத கடல்

மச்சான்,

நேற்றுக் காலை பனி தள்ளும் சவளைத் தேடி நிலவறைக்குப் போனவன், சவளை மறந்து உன் குடையோடு நின்றேன். உன் கடற்கரைக் குடைதான். மஞ்சளும் ஊதாவும் பட்டை பட்டையாக, பார்ப்பவர் கண்ணைக் குத்துகிற குடை. பூஞ்சணம் பிடித்திருக்குமோ என்று கொஞ்சம் விரித்துப் பார்த்தேன். மடிப்புக்குள்ளிருந்து மணல் கொட்டியது. வெளியே இந்த டேனிஷ் நகரம் சில்க்போர்க் முழுவதும் பனி, உள்ளே என் சப்பாத்தின் மேல் போன வருடத்துக் கடற்கரை. அதைக் கூட்டி அள்ளலாம் என்று தும்புத்தடியை எடுத்தேன். பிறகு திரும்ப வைத்துவிட்டேன். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

அந்தக் குடையை நீ வாங்கிய அன்று, இவ்வளவு வடிவில்லாத நிறம் எதற்கு என்று உன்னைக் கேட்டேன். "வடிவான குடை எல்லாரிட்டையும் இருக்கும் மச்சான். பிள்ளையள் தண்ணிக்குள்ளை நிண்டு திரும்பிப் பாக்கேக்கை, எங்கடை எது எண்டு தெரிய வேணுமெல்லே?" என்றாய். நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கவலை எனக்கு வரவில்லை, உனக்குத்தான் வந்தது. நீ கவலையைக் கவலையாகக் காட்டாமல் ஒரு குடையாக வாங்கி வைத்துவிட்டாய்.

என் தங்கையைக் கட்டிய பிறகு நீ எனக்கு மச்சான். அதற்கு முன்பே, ஒரே தொழிற்சாலையில் ஒரே மேசையில் சாப்பாட்டுப் பெட்டி திறந்த நாளிலிருந்து கூட்டாளி. தை பிறந்தால் இரண்டு குடும்பத்துக்குமாகக் கோடை விடுமுறைக்குக் கடற்கரை தேடுவது உன் வேலை. நீ தேர்ந்த இடத்துக்கு நாங்கள் பெட்டி கட்டுவோம். இந்த முறை டோஸ்ட்ருப் நகரில் இருக்கும் உன் மகள் தொலைபேசி எடுத்தாள். "மாமா, இந்த வருசம் நீங்கள்தான் கடற்கரை பாக்க வேணும். அம்மா வீட்டை விட்டு வெளிக்கிடுறாவே இல்லை" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். ரொட்டிக்கடையில் எந்தப் பாண் வாங்குவது என்று யோசித்தே வரிசையை மறிக்கிறவன் நான். ஒரு கடலை எப்படித் தேர்வேன்?

நாங்கள் போன முதலாவது விடுமுறை உனக்கு நினைவிருக்கும். டேனிஷ்காரர் எல்லாரும் இணையத்தில் போற்றிப் புகழ்ந்த கடற்கரை அது, ஸ்பெயின் தீவொன்றில். காலை முதல் மாலை வரை தடையில்லாத வெய்யில் என்று எழுதியிருந்தார்கள். எழுதியது பொய்யில்லை. ஒரு மரம் கிடையாது, ஒரு மேடு கிடையாது. அவர்கள் எண்ணெய் பூசிக்கொண்டு சுகமாகக் கிடந்தார்கள். நாங்கள் இரண்டு குடும்பமும் கழிப்பறைக் கட்டடத்தின் ஒரு முழ நிழலில் வரிசையாக நின்று கட்டுச்சோறு தின்றோம். "பாத்தியே, வெய்யில் அவைக்குச் சாமி, எங்களுக்கு மாமியார். தூரத்திலை இருக்கும்வரைக்கும் நல்ல மனுசி" என்று நீ சொல்ல, உன் மாமியாரின் மகள் உன்னை முறைத்தாள். அந்த மாமியாரின் மகன் நானும் முறைத்தேன். மூன்று பேரும் சிரித்துப் புரைக்கேறியது.

அன்றோடு புகழுரைகளை வாசிப்பதை நீ விட்டுவிட்டாய். அதன்பின் டேனிஷ்காரர் எழுதிய குறைகளை மட்டுமே வாசித்தாய். தேநீர்க் கோப்பையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சாமி வந்தவன்போல் உரத்து வாசிப்பாய். நாலு மணிக்கே மலை வெய்யிலை மறைத்துவிடுகிறது என்று ஒருவர் அழுதிருப்பார். "கேட்டியே மச்சான், நாலு மணிக்கு நிழல்!" உள்ளூர்க் குடும்பங்கள் சட்டி பானையோடு வந்து கூச்சல் போடுகின்றன என்று இன்னொருவர். "இனி எங்கடை புட்டுச் சட்டியை ஆர் பாக்கப் போகினம்?" பக்கத்தில் மீன் வாடை என்று ஒருவர் முறையிட்டால் அன்றைக்கே பதிவு செய்துவிடுவாய். அவர்களுடைய ஒரு நட்சத்திரம் எங்களுக்கு ஐந்து. இந்தக் கணக்கில் நீ ஒருமுறையும் பிழைவிட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நீ தேடிய குறை ஒன்று உண்டு. எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை, சலிப்பாக இருக்கிறது என்று யாராவது எழுதியிருக்க வேண்டும். அது எனக்காக. கடல் சூழ்ந்த ஊரில் பிறந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. தண்ணீர் இடுப்புக்கு வந்தால் மூச்சு முட்டும். "ஆழமறியாமல் காலை விடாதே" என்று நான் சொல்லும் போதெல்லாம், "ஆழத்தை அறியிறதுக்கும் ஒருக்காக் காலை விட வேணும் மச்சான்" என்பாய். சொல்வாயே தவிர என்னை ஒருநாளும் இழுத்ததில்லை. நான் முழங்கால் தண்ணீரில் எருமைபோல் உட்கார்ந்திருக்க, நீயும் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாய்.

ஆகவே நானும் உன் வழியிலேயே போனேன். இரண்டு கிழமை இருந்து குறைகளாக வாசித்து, மெல்லச் சாய்ந்து போகிற இரண்டு கடற்கரைகளைப் பிடித்தேன். தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்து, தண்ணீர் எப்படி முழங்காலைத் தாண்டாது என்று பெருமையாக விளக்கினேன். நான் முடிக்கும்வரை கேட்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அண்ணை, இந்த முறை ஆழமான கடலாப் பாருங்கோ. கால் எட்டாத கடல்."

அடுப்பில் கறி இருக்கிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மச்சான், உன் விருப்பப்படி அனுமதி எடுத்து, உன் சாம்பலைக் கடலில்தான் விட்டோம். போன புரட்டாதியில், கரை மங்கலாகத் தெரிகிற தூரத்தில், சின்னப் படகில். பூவெல்லாம் மிதந்து போன பிறகும் அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். படகுக்காரர் இயந்திரத்தை மீண்டும் இயக்க மனமில்லாமல் காத்திருந்தார். நான்தான் அவளுடைய தோளைப் பிடித்து இருத்தினேன். அந்தத் தோள் பலகைபோல் இருந்தது. அப்படி நின்றவள், ஐந்து மாதம் கழித்து, கால் எட்டாத கடல் கேட்கிறாள். நான் என்ன நினைப்பேன்?

நினைத்ததை எழுதவே கை கூசுகிறது. அந்தக் கிழமை முழுவதும் ஏதாவது சாட்டு வைத்து அவள் வீட்டுக்குப் போனேன். ஒருநாள் முருங்கைக்காய் கொண்டுபோனேன். ஒருநாள் மின்குமிழ் மாற்றப் போனேன், எரிந்துகொண்டிருந்த குமிழைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டிவிட்டு வந்தேன். அவள் சமைத்திருக்கிறாளா, தலை வாரியிருக்கிறாளா, மேசையில் மாத்திரை ஏதும் கிடக்கிறதா என்று களவாகப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அந்த ஒழுங்கே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கடைசியில் உன் மகளுக்குச் சொன்னேன். "ரோலி நூ, மாமா" என்று, பதற வேண்டாம் என்பதை டேனிஷில் சொல்லி என்னை ஆற்றினாள். பிறகு தமிழுக்கு வந்து, "நீங்கள் அம்மாட்டையே நேரை கேளுங்கோ. நான் சொல்லக்கூடாது" என்றாள். ஏதோ இருக்கிறது, அது அவளுக்குத் தெரியும் என்பது மட்டும் விளங்கியது. அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளுமா?

அன்றே போனேன். கையில் முருங்கைக்காயும் இல்லை, மின்குமிழும் இல்லை. தேநீர் ஊற்றி வைத்துவிட்டு எனக்கு எதிரே இருந்தாள். நான் கோப்பையைத் தொடாமலே கேட்டேன்.

"தங்கச்சி, ஏன் ஆழமான கடல்?"

என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்கள் என்னத்தை நினைச்சுக்கொண்டு வந்தனீங்கள்?"

நான் அழுதுவிட்டேன். சின்ன வயதில் நான் அழுதால் அவளும் அழுவாள். அன்று அவள் அழவில்லை. உன்னைப்போல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"அண்ணை, சாகிறதுக்கு ஆரும் நீச்சல் பழகுவினமோ?"

குளியலறைக்குப் போய் ஒரு பையோடு வந்தாள். நீச்சலுடை, துவாய், ரப்பர்த் தொப்பிகள் இரண்டு. ஒன்று உன்னுடையது. "சனிக்கிழமையிலை தமிழ்க்கடைக்கு எண்டு சொல்லிப்போட்டு ரெண்டுபேரும் எங்கை போனம் எண்டு நினைச்சியள்? நீந்தப் பழக ஸ்வமஹாலுக்கு. இவரும் நானும் ஒண்டாத்தான் பழகினது. உங்களுக்குச் சொன்னால் நித்திரை கொள்ள மாட்டியள் எண்டு இவர்தான் சொல்ல விடேல்லை. அடுத்த கோடைக்குக் கால் எட்டாத இடத்திலை ஒருக்கா ரெண்டுபேரும் நீந்துவம், கரையிலை நிக்கிற மச்சானுக்கு அங்கையிருந்து கைகாட்டுவம், ஆள் பயந்து போகட்டும் எண்டு சொல்லிச் சிரிச்சவர்." தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நான் திரும்பி வருவன் அண்ணை. திரும்பி வாறதுக்குத்தான் பழகினது."

மச்சான், உன் மேல் எனக்குக் கோபம். முப்பது வருடமாக உன்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவனுக்கு இதைச் சொல்லாமல் போனாய். சனிக்கிழமைகளில் நீ தலை ஈரத்தோடு வந்து நிற்பாய். மாரியில் இப்படித் தலை துவட்டாமல் திரியாதே என்று எத்தனை முறை ஏசியிருப்பேன்? சாட்டுக்கு நீ வாங்கி வரும் கறிவேப்பிலையில் ஒரு மருந்து மணம் வரும். கெட்டதை விற்கிறான் என்று கடைக்காரனைத் திட்டி, இரண்டுமுறை கழுவித் தாளிப்பேன். நீச்சல் குளத்து மணத்தையா நான் அவ்வளவு காலமும் பருப்புக்குள் போட்டேன்? இதை நினைத்து நேற்று நிலவறையில் தனியாக நின்று சிரித்தேன். சிரித்து முடிக்க முதலே அழுகை வந்தது. கோபமும் அதோடு கரைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது இருக்கட்டும்.

இந்தக் கோடைக்குப் போகப் போவதில்லை. அப்போது உனக்கு வருடம் திரும்பியிருக்காது. அதற்குள் கடற்கரைக்குப் போனால் சனம் கதைக்கும் என்று நான் பயந்தேன். "சனத்துக்காக இல்லை, எனக்காக. இவருக்கு ஆட்டைத் திவசம் முடிச்சுப்போட்டுப் போவம்" என்றாள். ஆகவே இலையுதிர்கால விடுமுறைக்குப் போகிறோம். அப்போது கடல் குளிராதா என்று கேட்க வாயெடுத்தேன். நீ சொன்னது நினைவு வந்தது: "கடல் சூட்டைப் பிந்தித்தான் வாங்கும், பிந்தித்தான் விடும்."

உன் முறையில்தான் தேடினேன், ஆனால் தலைகீழாக. கிரீட் தீவின் தென்கரையில் ஒரு சின்னக் குடா. ஒரு டேனிஷ்காரர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதியிருந்தார்: இரண்டடி வைத்தால் காலுக்குக் கீழே நிலம் இல்லை, பிள்ளைகளோடு வரவேண்டாம், முழுவதும் கூழாங்கல், குடை நட இடமில்லை. வாசிக்க வாசிக்க எனக்கு வியர்த்தது. மலைக்காற்று வருமா, நீரோட்டம் உண்டா, மீட்புக்காரர் அந்த மாதத்தில் நிற்பாரா என்று மூன்று நாள் துருவினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்தேன். இன்றைக்கும் பயம் போகவில்லை. அவள் நீந்தக் கற்றது குளத்தில். குளத்துக்குச் சுவர் உண்டு.

"அங்கை குடை நட ஏலாதாமே அண்ணை, பாரத்தை ஏன் காவுறியள், விட்டிட்டு வாங்கோ" என்றாள் தங்கச்சி. அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் கொண்டுபோவேன். நட முடியாவிட்டால் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரே இல்லாத அந்தக் கரையில் நிற்பேன். அவள் கால் எட்டாத இடத்தில் நீந்தியபடி திரும்பிப் பார்க்கும்போது, எங்களுடைய இடம் எது என்று தெரிய வேண்டும்.